சிறைவாசலில் சோற்றுடன் நின்றவர்கள்

கிறித்தவ மரபு இரக்கச் செயல்கள் எனப் பெயரிட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பித்துவந்த கடமைகள் ஏழு. பசித்தவருக்கு உணவளித்தல், தாகமுற்றவருக்கு நீர் தருதல், ஆடையற்றவரை உடுத்துதல், அந்நியரை ஏற்றல், நோயாளியைக் காணல், சிறைப்பட்டவரைக் காணல் ஆகிய ஆறும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலிருந்து வந்தவை; இறந்தோரை அடக்கம் செய்தல் என்னும் ஏழாவது கடமை பின்னர் அவற்றோடு சேர்ந்தது. இந்தப் பட்டியலில் சிறைப்பட்டவர் இருக்கிறார். அவருடைய மனைவியோ பிள்ளையோ தாயோ இல்லை. ஆயினும் சிறைத்தொண்டு பற்றிய பழைய ஆவணங்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது, பட்டியலில் இடம்பெறாத அந்தக் குடும்பம் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் சிறைவாசலில் நிற்பதைக் காண முடிகிறது. சபை குடும்பத்துக்குத் துணைநின்ற காலமும், குடும்பத்தை மறந்த காலமும், தானே அதை வாசலிலிருந்து விலக்கிய காலமும் இவ்வரலாற்றில் உண்டு. கைதிக்கு யார் சோறு கொண்டுபோனார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால் இம்மூன்று காலங்களும் ஓரளவு தெளிவாகப் பிரிகின்றன.

உரோமைப் பேரரசில் சிறை என்பது இன்று அறியப்படும் பொருளில் தண்டனைக்கூடம் அன்று. விசாரணைக்கோ தண்டனை நிறைவேற்றத்துக்கோ காத்திருப்பவரை அடைத்துவைக்கும் இடமாகவே அது பெரும்பாலும் இருந்தது. உள்ளிருப்பவருக்குச் சோறும் போர்வையும் வந்துசேர்வது வெளியிலிருந்த உற்றாரைப் பொறுத்தது. உற்றார் இல்லாதவன் பட்டினி கிடந்தான். உற்றார் உள்ளவனும் காவலருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால்தான் உணவைப் பெற்றான். ஆகவே ஒருவர் சிறைப்பட்டால் ஒரு குடும்பம் சம்பாதிக்கும் கையை இழந்ததோடு, கூடுதலாக ஒரு வாய்க்கு நாள்தோறும் ஊட்ட வேண்டிய சுமையையும் ஏற்றது. முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவச் சபைகள் இச்சுமையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டதே சிறைத்தொண்டின் தொடக்கம் எனலாம். கார்த்தேஜ் நகரத்து எழுத்தாளர் தெர்த்துல்லியன், கி.பி. 197ஐ ஒட்டி எழுதிய தற்காப்பு நூலில், சபையின் பொதுநிதி ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் மட்டுமின்றிச் சுரங்கங்களுக்கும் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டோருக்கும் சிறைப்பட்டோருக்கும் செலவாவதைக் குறிப்பிடுகிறார். அதே தெர்த்துல்லியன் பிற்காலத்தில், சிறைக்குள் சாப்பாட்டுக்கடையே நடத்துகிற அளவுக்குச் சிலர் கைதிகளை உண்பித்துக் கெடுக்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதியதும் உண்டு. ஈகையின் அளவை அவர் புகழ்ச்சியைவிட இந்த எரிச்சல் நன்றாக உணர்த்துகிறது.

கிறித்தவர் அல்லாதவர் ஒருவரின் சாட்சியமும் இதற்குக் கிடைக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் அங்கத எழுத்தாளர் லூசியன், பெரெகிரினுஸ் என்பவன் பாலஸ்தீனத்தில் கிறித்தவனாகச் சிறைப்பட்ட கதையைக் கேலியாகச் சொல்லும்போது, விடியற்காலையிலேயே வயதான கைம்பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் சிறையருகே காத்திருந்ததையும், சபைப் பொறுப்பாளர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளேயே அவனுடன் படுத்துறங்கியதையும், விதவிதமான உணவுகள் கொண்டுவரப்பட்டதையும் விவரிக்கிறார். கைம்பெண்களும் அநாதைகளும் சபையின் உதவியைப் பெற்றுவந்தவர்கள். பெறும் கைகளே இங்குக் கொடுக்கவும் வந்து நிற்கின்றன. எள்ளி நகையாடுவதற்காக எழுதப்பட்ட இக்காட்சி, சிறைவாசலில் முதலில் வந்து நின்றவர்கள் எத்தகையோர் என்பதற்கு நல்ல சான்றாகிவிட்டது.

இக்காலத்துக் குடும்பங்களுள் இரண்டைப் பற்றி நெருக்கமான செய்திகள் உள்ளன. கி.பி. 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, ஏறத்தாழ இருபத்திரண்டு வயதுடையவர், கைக்குழந்தையின் தாய். சிறையில் அவரே எழுதியதாகக் கொள்ளப்படும் குறிப்புகள் நிலைத்திருக்கின்றன. இருளும் நெரிசலும் நிறைந்த சிறையில் அவரை வாட்டியது குழந்தையைப் பற்றிய கவலையே. தெர்சியு, பொம்போனியு என்னும் இரு திருத்தொண்டர்கள், அதாவது ஆயருக்கு உதவியாகச் சபையின் அறப்பணிகளைப் பார்த்துவந்த ஊழியர்கள், காவலருக்குப் பணம் கொடுத்து, சிறையின் சற்று நல்ல பகுதியில் சில மணிநேரம் இருக்க வழிசெய்தனர். அந்த இடைவெளியில்தான் பசியால் துவண்டிருந்த குழந்தைக்கு அவர் பால் கொடுத்தார். பின்னர் குழந்தையைத் தம்முடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபோது சிறையே மாளிகையானதுபோல் இருந்ததாக அவர் எழுதுகிறார். அவருடன் இருந்த அடிமைப்பெண் பெலிசித்தா எட்டாம் மாதத்தில் சிறையிலேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். அக்குழந்தையைச் சபைப் பெண் ஒருவர் தம் மகளாக எடுத்து வளர்த்தார். இங்கு வேண்டுதலின் திசையும் கவனிக்கத்தக்கது. முகத்தில் புற்று வந்து ஏழு வயதில் இறந்துபோன தம் தம்பிக்காகச் சிறையிலிருந்த பெர்பெத்துவாவே இரவும் பகலும் மன்றாடுகிறார். குடும்பம் கைதிக்காக வேண்டுவது இயல்பு. கைதி குடும்பத்துக்காக வேண்டுவதை இவ்வளவு பழமையான ஓர் ஆவணம் பதிந்துவைத்திருப்பது அரிது.

அலெக்சாந்திரியாவின் லெயோனிதாஸ் அதே ஆண்டுகளில் சிறைப்பட்டவர். பேரறிஞர் ஓரிஜெனின் தந்தை. அப்போது பதினேழு வயதை எட்டாத ஓரிஜென் தாமும் சென்று பிடிபட முனைந்தபோது, தாய் அவருடைய ஆடைகளையெல்லாம் ஒளித்துவைத்து வீட்டில் நிறுத்தினார் என்று வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதுகிறார். எங்களை நினைத்து மனம் மாறிவிட வேண்டாம் என்ற பொருளில் அந்தச் சிறுவன் தந்தைக்கு மடல் அனுப்பினான். தந்தை கொல்லப்பட்டார், குடும்பச் சொத்து அரசுடைமையானது, தாயும் ஆறு தம்பிகளும் ஓரிஜெனும் வழியின்றி நின்றபோது நகரத்துச் செல்வப் பெண்மணி ஒருவர் ஓரிஜெனைத் தம் வீட்டில் வைத்துப் படிக்க ஆதரவளித்தார். மறைசாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர்துறந்தவர், எனப் போற்றப்பட்ட ஒருவருக்குப் பின்னால் ஆடையை ஒளித்துவைத்த ஒரு தாய் இருந்தார் என்பதை எவுசேபியு சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னது நல்லதாயிற்று.

சிறைக்குச் செல்வதிலும் ஒரு நடைமுறை அறிவு தேவைப்பட்டது. கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான், 250ஆம் ஆண்டின் துன்புறுத்தலின்போது எழுதிய மடல் ஒன்றில், கூட்டமாகச் சென்று ஐயத்தைக் கிளப்பி அனுமதியையே இழக்க வேண்டாம் என்றும், ஒரு மூப்பரும் ஒரு திருத்தொண்டருமாக முறைவைத்து மாறிமாறிச் செல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். ஆட்சியாளர் பக்கத்திலும் இத்தொண்டின் ஆற்றல் அறியப்பட்டிருந்தது. கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியுஸ், 324இல் கான்ஸ்டன்டைனிடம் தோற்பதற்குச் சற்று முன்பு, சிறையில் பசித்திருப்போருக்கு உணவு கொடுக்கக் கூடாது என்றும், கொடுப்பவரும் அதே சிறையை அனுபவிக்க வேண்டும் என்றும் சட்டமிட்டதாக எவுசேபியு குற்றஞ்சாட்டுகிறார். எவுசேபியு கான்ஸ்டன்டைனின் பக்கத்தவர் என்பதை மறக்காமல் படித்தாலும், சோற்றுப் பாத்திரம் ஓர் அரசியல் பொருளாகிவிட்டதை இக்குற்றச்சாட்டு காட்டுகிறது. பேரரசு கிறித்தவமானபின் சட்டம் எதிர்த்திசையில் திரும்பியது: 409ஆம் ஆண்டின் அரசாணை, நீதிபதிகள் ஞாயிறுதோறும் கைதிகளை வெளியே வரவழைத்து நடத்தப்படும் விதத்தை விசாரிக்கவும், இல்லாதவருக்கு உணவு கிடைக்கச்செய்யவும், காவலுடன் குளிக்க அழைத்துச்செல்லவும் பணித்து, இது நடக்கிறதா என நினைவூட்டும் பொறுப்பை ஆயர்களுக்கு அளித்தது. 549இல் ஓர்லியான் நகரில் கூடிய ஆயர் மன்றம், தலைமைத் திருத்தொண்டரே ஞாயிறுதோறும் சிறைக்குச் செல்ல வேண்டும் என விதித்தது.

வழிபாட்டில் சிறைப்பட்டோர் இடம்பெற்ற வரலாறும் இதே அளவு பழமையானது. திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருக்கும்போது சபை கூடி மன்றாடும் இடம் யோவான் மாற்குவின் தாய் மரியாவின் வீடு. விடுதலையான பேதுரு வந்து தட்டும்போது, வேலைக்காரப் பெண் ரோதி மகிழ்ச்சியில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உரோமைச் சபையிலிருந்து கொரிந்துக்கு முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட கிளமெந்தின் மடல், சிறைப்பட்டோரின் மீட்புக்கான மன்றாட்டு ஒன்றைத் தன் நீண்ட இறைவேண்டலில் சேர்த்திருக்கிறது. பெரிய வெள்ளியன்று உரோமை வழிபாட்டில் சொல்லப்பட்டுவந்த பொது மன்றாட்டுகளுள் சிறைகள் திறக்கவும் விலங்குகள் தளரவும் வேண்டும் பகுதி, நோயாளி நலம்பெறவும் வழிப்போக்கர் வீடு திரும்பவும் வேண்டும் பகுதிகளோடு ஒரே மூச்சில் வருகிறது. குற்றவாளி, குற்றமற்றவர் என்ற பிரிவினை அந்த வரிசையில் இல்லை. வீட்டுக்கு வராமல் தூரத்தில் இருக்கிறார் என்பதே வேண்டுதலுக்குப் போதுமான காரணமாக இருந்தது. இது, காத்திருக்கும் குடும்பத்தின் கண்கொண்டு கைதியைப் பார்ப்பதாகும்.

இடைக்கால இத்தாலியில் இப்பணி பொதுநிலையினரின் சங்கங்களுக்கு, அதாவது துறவறம் பூணாத ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடத்திய பக்த சபைகளுக்கு, கைமாறியது. உரோமையில் 1488இல் உருவான, தலைவெட்டப்பட்ட புனித யோவான் பெயரிலான சங்கத்தார், தூக்குக்குச் செல்பவனுடன் கடைசி இரவு முழுவதும் உடனிருந்து, அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், மனைவிக்கு என்ன சொல்ல விரும்புகிறான் என்பனவற்றைக் குறித்துக்கொண்டனர். பிளாரன்சில் 1442ஐ ஒட்டி, பின்னாளில் ஆயரான அந்தோனினுஸ் வழிகாட்டுதலில் பன்னிருவர் தொடங்கிய புனித மார்ட்டின் நல்லோர் குழு இன்னும் நுட்பமான ஒரு தேவையைக் கண்டது. கைநீட்டிப் பிச்சை கேட்க நாணும் குடும்பங்களை, வாழ்ந்து கெட்டவர்களை, தேடிச்சென்று மறைவாக உதவுவது அவர்கள் பணி. அவர்களுடைய சிறுகோயிலின் சுவரோவியங்களில் பிள்ளைபெற்ற தாய்க்கு உணவும் துணியும் கொண்டுசெல்லும் காட்சிக்கு அருகிலேயே, கடனுக்காக அடைக்கப்பட்டவனைப் பணங்கட்டி மீட்கும் காட்சியும் இடம்பெற்றிருக்கிறது. வறுமையைவிட வெட்கமே சிறைவீட்டாரை முதலில் கொல்கிறது என்பதை உணர்ந்தோர் வரைந்த வரிசை அது.

போர்ச்சுகலில் 1498இல் அரசி லியோனோர் ஆதரவில் லிஸ்பன் நகரில் தொடங்கிய மிசெரிகோர்தியா என்னும் இரக்கச் சகோதரசபை இத்தகைய பணிகள் அனைத்தையும் ஒரே அமைப்பில் சேர்த்தது. சிறைகளுக்கெனத் தனிப் பொறுப்பாளர் அமர்த்தி, ஏழைக் கைதிகளுக்கு உணவளிப்பதும், அவர்கள் வழக்குகளை விரைவுபடுத்துவதும், தூக்கிலிடப்படுவோருடன் ஊர்வலமாகச் செல்வதும், ஆண்டுக்கொருமுறை தூக்குமேடையில் எஞ்சிய எலும்புகளை எடுத்து அடக்கம் செய்வதும் அதன் வழக்கங்கள். அநாதைப் பெண்களுக்குச் சீதனம் கொடுத்து மணமுடிப்பதும் அதே அமைப்பின் கணக்கில் எழுதப்பட்டது. கோவாவிலும் கொச்சியிலும் மட்டுமின்றிச் சோழமண்டலக் கரையின் மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் போர்ச்சுகீசியர் குடியேற்றங்களோடு இச்சபை கால்கொண்டது. அதன் கருணை பெரும்பாலும் போர்ச்சுகீசியரின் சொந்தச் சமூகத்துக்குள் சுழன்ற கருணைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் இலண்டனிலும் பழைய நிலையே நீடித்தது. கடனாளிகளை அடைக்கும் சிறைகளில் கைதியுடன் குடும்பமே குடியிருக்கும். 1824இல் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி வைத்ததற்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்ட ஜான் டிக்கன்சுடன் மனைவியும் இளைய பிள்ளைகளும் உள்ளே குடியேற, பன்னிரண்டு வயது மகன் சார்லஸ் வெளியே தங்கிச் செருப்பு மை ஆலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். பின்னாளில் பெரும் நாவலாசிரியரான பிறகும் அந்த அவமானத்தை மனைவி மக்களிடம்கூட அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. சில்லறைக் கடனுக்காகச் சிறைப்பட்டோரை மீட்க 1772இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. அதற்காக உருக்கமாகப் பிரசங்கித்து நிதி திரட்டிய குருவானவர் வில்லியம் டாட், தாமே கடன்பட்டு, கள்ளக் கையெழுத்திட்ட குற்றத்துக்காக 1777இல் தூக்கிலிடப்பட்டார். சிறைகளைக் குதிரைமேல் சுற்றிப்பார்த்து ஜான் ஹோவர்டு எழுதிய புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்த எலிசபெத் பிரை 1813இல் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் முதன்முறை நுழைந்தபோது, ஏறத்தாழ முந்நூறு பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு சில அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தனர். அவர் முதலில் கொண்டுசென்றவை குழந்தைகளுக்கான கம்பளித் துணிகள். 1816இன் இறுதியில் மீண்டும் சென்ற அவர், தாய்மாரிடம் பிள்ளைகளைப் பற்றியே பேச்சைத் தொடங்கினார். பள்ளி ஒன்று வேண்டும் என்று தாய்மாரும் ஒத்துக்கொள்ள, கடிகாரம் திருடிச் சிறைப்பட்டிருந்த ஒரு பெண்ணைக் கைதிகளே ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தனர். 1817 ஏப்ரலில் உருவான பெண்கள் சங்கத்துக்கு வேர் இப்பள்ளி. பிரையின் சீர்திருத்தங்கள் குறித்துப் பேசுவோர் அவர் விவிலியம் வாசித்ததையே பெரிதாகச் சொல்வது வழக்கம். அதற்கு முன்பே கம்பளித் துணி போய்ச்சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் வரலாறு வினோதமாகத் திரும்புகிறது. பிலடெல்பியாவில் 1787இல், ஆயர் வில்லியம் வைட் தலைமையில் குவேக்கர்களும் பிறரும் சேர்ந்து அமைத்த சிறைத்துயர் தணிப்புச் சங்கம், நெரிசலும் சாராயமும் மலிந்த பழைய சிறைக்கு மாற்றாகத் தனிமைச் சிறையை வேண்டியது. ஒருவனைத் தீயோர் கூட்டத்திலிருந்து பிரித்து, விவிலியத்துடனும் மனச்சாட்சியுடனும் தனியே விட்டால் அவன் மனந்திரும்புவான் என்பது அவர்களின் நம்பிக்கை; ஆங்கிலத்தில் சிறையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றும் தவம் என்னும் பொருளிலிருந்து பிறந்ததே. 1829இல் திறக்கப்பட்ட பிலடெல்பியாவின் கிழக்குச் சிறையில் ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனி முற்றம். வெளியே நடத்திச்செல்லும்போது முகத்தை மறைக்கும் முக்காடு. அரசு கொடுக்கும் உணவு வேளைதவறாமல் கதவின் துளை வழியே வந்தது. வீட்டிலிருந்து மடலோ ஆளோ வர அனுமதி இல்லை. சங்கத்தின் உறுப்பினர்களோ அதிகாரப்பூர்வப் பார்வையாளர்களாக அறைக்கு அறை சென்று கைதியுடன் பேசலாம், வேண்டலாம். சிறைப்பட்டவரைக் காணல் என்னும் கட்டளையை அந்நியர் ஒருவர் உள்ளே நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது, கைதியின் மனைவி மதிலுக்கு வெளியே நின்றாள். சோறு கொண்டுவரும் தேவையை அரசு நீக்கியபோது, அச்சோற்றுப் பாத்திரத்தோடு வாசலைக் கடந்துவந்த உறவையும் அது நீக்கிவிட்டது. நல்லெண்ணமே இதைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1842இல் அச்சிறையைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்ற முடிவுக்கு வந்தார். சிறுவயதில் குடும்பத்தோடு சிறையில் காலை உணவு உண்ட ஒருவரின் தீர்ப்பு என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. அதே ஆண்டில் இலண்டனில் திறக்கப்பட்ட பெண்டன்வில் சிறை இம்முறையைத் தழுவியது. அங்கிருந்த சிற்றாலயத்தில்கூட ஒருவர் மற்றவரைக் காணாதபடி இருக்கைகள் தடுப்புப் பெட்டிகளாக அமைக்கப்பட்டன.

மதிலுக்கு வெளியே விடப்பட்ட குடும்பத்தை அடுத்த தலைமுறைதான் தேடிச்சென்றது. 1876இல் அச்சுத்தொழிலாளி பிரெடரிக் ரெய்னர் ஐந்து ஷில்லிங் அனுப்பி, நீதிமன்றத்துக்கு வரும் குடிகாரர்களுக்கு ஏதாவது செய்யுமாறு இங்கிலாந்து திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு எழுத, அச்சங்கம் இலண்டன் காவல் நீதிமன்றங்களுக்கு ஊழியர்களை அனுப்பியது. அவர்கள் குற்றவாளியின் வீட்டுக்கே நடந்து சென்று மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்து, நிலைமையை நீதிபதியிடம் சொன்னார்கள். 1907இன் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டம் இப்பழக்கத்திலிருந்து முளைத்தது. குடும்பத்தைத் தேடுவது எப்போதும் குடும்பத்துக்கு நன்மையாக முடியவில்லை. பிரித்தானிய இந்தியாவில், சில சமூகங்களை முழுமையாகப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபின், 1910களில் குண்டூர் மாவட்டத்தின் ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனை என்னும் கிறித்தவ அமைப்பு நடத்திய குடியிருப்பில், எருகுலர் குடும்பங்கள் குழந்தைகளோடு வேலியிடப்பட்ட ஒரு வாழ்வுக்குள் கொண்டுவரப்பட்டன. பள்ளியும் மருந்தும் மன்றாட்டும் அங்கிருந்தன. பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதும் இருந்தது. குற்றம் செய்யாத பிள்ளைக்கும் அது சிறைதான்.

அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்து, 1974இல் சிறைசென்ற சார்லஸ் கோல்சன் 1976இல் அமெரிக்காவில் நிறுவிய சிறை நட்புறவு இயக்கத்தின் தோற்றத்திலும் குடும்பம் இருக்கிறது. கோல்சனின் வீட்டில் நெருக்கடி மூண்டபோது, அவருடன் மன்றாட்டுக் குழுவில் இருந்த காங்கிரஸ் உறுப்பினர் ஆல் குவி, எஞ்சிய தண்டனையைத் தாம் அனுபவிப்பதாகவும் கோல்சனை வீட்டுக்கு அனுப்பிவிடுமாறும் கேட்டார். சட்டம் அதற்கு இடந்தரவில்லை எனினும், 1975 ஜனவரியில் கோல்சன் விடுவிக்கப்பட்டார். அவ்வியக்கத்தின் அலபாமா பணியாளராகப் பின்னர் சேர்ந்த மேரி கே பியர்டு ஆறாண்டுகள் சிறையிலிருந்தவர். கிறிஸ்துமசுக்குச் சபையார் கைதிகளுக்குக் கொடுத்த சோப்பையும் பற்பசையையும் தாய்மார்கள் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்து, கிடைத்த தாளில் சுற்றி, பார்க்கவந்த பிள்ளைகளின் கையில் பரிசாகக் கொடுத்ததை அவர் உள்ளிருந்து கண்டிருந்தார். 1982 கிறிஸ்துமசில் அவர் அலபாமாவின் கடைவளாகங்களில் ஒரு மரத்தை நிறுத்தி, கைதிகளின் பிள்ளைகளுடைய பெயரும் வேண்டிய பொருளும் எழுதிய காகித வானதூதர்களை, பெண்பிள்ளைக்குச் சிவப்பும் ஆண்பிள்ளைக்குப் பச்சையுமாக, அதில் தொங்கவிட்டார். போவோர் வருவோர் ஆளுக்கொன்றாகப் பறித்துச்சென்று பொருளை வாங்கிவந்தனர். நெடுங்காலம் வீட்டிலிருந்து சிறைக்குச் சென்ற பொட்டலம் இப்போது சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தது. அதன்மேல் கொடுப்பவர் பெயராக எழுதப்பட்டது வாங்கியவரின் பெயரோ சபையின் பெயரோ அன்று, உள்ளேயிருந்த தாயின் அல்லது தந்தையின் பெயர்.